தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து தமாக்சிஃபென் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் தினம் 20 மில்லிகிராம், 5 வருஷமாவது சாப்பிட வேண்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் புற்றணுக்களைத் தூண்டாமல் தடுப்பதுதான் இதன் வேலை. உடம்பு தேறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகிற பெண்களுக்குக் கால்வலி புதிதில்லை. ஆனால் இந்த மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், சேற்றில் நின்ற அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்; அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிடுங்கள். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இதைத்தான் பலர் வெட்கப்பட்டு மூடி வைக்கிறார்கள்.

அப்புறம், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் இரண்டும் தமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும். புது மருந்து எதுவானாலும், நாட்டு மருந்து உட்பட, பழைய சீட்டைக் காட்டிக் கேளுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மாத்திரை 10 நாளைக்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டவுனுக்குப் பஸ் வருமா என்று சொல்ல முடியாது.