மாடி ஹாலில் நாலு பேண்டு

கும்பகோணத்தில் இண்டி இசை இரவு, அதாவது பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத பேண்டுகளின் கச்சேரி, நடத்த முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். முகூர்த்த நாளில் ஹாலும் கிடைக்காது, மைக் செட்டும் கிடைக்காது. நான் புரட்டாசியைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணம் குறைவு, வாடகையில் பேரம் படியும். மழைக்கு மட்டும் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

நாலு பேண்டுக்கும் ஒரே டிரம் செட் போதும். ஸ்னேர் (சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய கிக் டிரம்மை அடிக்கும் கால்மிதி) மட்டும் அவரவர் கொண்டுவரட்டும். அடியில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். முதல் வருஷம் நான் கோரைப்பாய் போட்டேன். மூன்றாவது பாட்டில் கிக் டிரம் வழுக்கி வழுக்கிப் பாடகர் முதுகைத் தொட்டுவிட்டது!

நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கைத் தலைகீழாகச் செய்யுங்கள்: கடைசியாக வாசிப்பவர்கள் முதலில், முதலில் வாசிப்பவர்கள் கடைசியில். அப்போதுதான் நிகழ்ச்சி தொடங்கும்போது மேடை முதல் பேண்டுக்கு ஏற்றபடி இருக்கும். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியில் ஒவ்வொருவருக்கும் வைத்த அளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கிட்டாரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபையரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் எர்த் கோளாறுதான். அதற்காக எர்த் பின்னைப் பிடுங்கவே கூடாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் நேரம். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எங்கள் ஹால் தகரக்கூரை, பக்கமெல்லாம் திறப்பு. அதனால் இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஆறு மணிக்குத் தொடங்கி, பேண்டுக்கு 35 நிமிஷம், மாற்ற 15 நிமிஷம் என்று வைத்தால் ஒன்பதேகாலுக்குள் முடியும். மிச்ச நேரம் தாமதத்துக்கு. கண்டிப்பாகத் தேவைப்படும், டிகிரி காப்பி குடிக்கப் போன பேஸ் கிட்டார்காரர் திரும்பி வர வேண்டுமே.