மலைநாட்டு முற்றத்தில் வாடும் புற்றரையை மீட்பது எப்படி?

முற்றத்துப் புல் மஞ்சளித்து, இடையிடையே பாசி ஏறிவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது யூரியாதான். சில நாள் பச்சை தெரியும். பிறகு பழைய கதை. இலங்கையின் மலைநாட்டில் புல் வாடுவது பெரும்பாலும் பசியால் அல்ல. மண் இறுகி, அமிலம் கூடி, மழைநீர் வடியாமல் நிற்பதால்தான். ஆகவே உரம் கடைசி வேலை.

1. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு பிடி புல்லை இழுங்கள். வேர் விடாமல் நின்று, அடித்தண்டு வெளிறிய பச்சையாக இருந்தால் பிழைக்கும். பாயைச் சுருட்டுவதுபோல் மொத்தமாகக் கையோடு வந்தால் கீழே மண்ணைக் கிளறுங்கள். அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றிருக்கும். சிறிய முற்றமென்றால் கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடுவதே போதும்.

2. காலம் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிவிடும். அதற்கு முந்திய ஏப்ரல் மழையே தோதான காலம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி; அங்கே ஒக்டோபரில் தொடங்குங்கள். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி படிந்த புல்லை மிதிக்கவே கூடாது. மிதித்த தடம் அப்படியே கருகிப்போகும்.

3. முள்ளு குத்துங்கள்

தேயிலைத் தோட்டத்து வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: முள்ளு என்பது மண்ணில் குத்தி இளக்கும், நீண்ட பற்கள் உள்ள கைக்கருவி. பாசியை வாருகோலால் வாரி எடுத்துவிட்டு, நான்கு அங்குல ஆழத்துக்கு முள்ளை இறக்கி, பிடியை முன்னும் பின்னும் சற்றே அசைத்து வெளியே இழுங்கள். மண்ணைப் புரட்டக் கூடாது. அரை அடிக்கு ஒரு குத்து. மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் சேறாக இருந்தால் அன்று வேண்டாம். குத்திய ஓட்டையின் சுவரே இறுகிவிடும். பிறகு மணலும் மக்கிய கூட்டெருவும் கலந்து தூவி, ஓட்டைகளுக்குள் இறங்கும்படி கூட்டிவிடுங்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் புல்லில் தேங்கினால் மேல் ஓரத்தில் சிறு கான் (வடிகால்) ஒன்று வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாசி திரும்ப வரும்.

4. டொலமைட்

தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், புல்லுக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டு ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கிறதா? அப்படியானால் மண் அமிலமானது என்று அந்தப் பூவே சொல்லிவிட்டது. அமிலத்தைக் குறைக்க, கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடும் அதே டொலமைட் சுண்ணாம்புத் தூளை 100 சதுர அடிக்கு 2 கிலோ அளவில், காற்றில்லாத வேளையில் தூவித் தண்ணீர் தெளியுங்கள். பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும். ஹைட்ரேஞ்சியாவின் அடியில் மட்டும் தூவாதீர்கள், நீலம் போய்விடும்.

5. வெற்றிடங்களை நிரப்புங்கள்

உயரமான, வெயில் படும் இடங்களுக்குக் கிக்குயு புல் நன்றாக வரும். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு கூடை கொடியை மகிழ்ச்சியோடு தருவார்கள். அவர்களுக்கும் அது தொல்லைதான். மரக்கறிப் பாத்திக்குள் புகுந்துவிடும் என்பதால் ஓரத்தில் கல் பதியுங்கள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் புதையும்படி நடுங்கள். நிழலுக்கு அகல இலைப் புல்தான் சரி. மரத்தடியில் அதுவும் வராவிட்டால் பன்னம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

6. வெட்டும் உரமும்

ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். இரண்டு அங்குலம் நிற்கட்டும். மொட்டையடித்தால் பாசிக்கு இடம் கொடுத்ததாகும். யூரியாவை டொலமைட்டுடன் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். யூரியா 100 சதுர அடிக்கு 100 கிராம் போதும். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள்.