சண்டிகர் நாற்காலி: பழுதுபார்ப்பவரும் புதிதாகச் செய்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவராயம் போல விரிந்த தேக்குக் கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, சாய்மானம். 1950களில் சண்டிகர் நகரம் எழும்பியபோது, சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரேயின் மேற்பார்வையில் அரசு அலுவலகங்களுக்காகச் செய்த நாற்காலி இது. பின்னாளில் அலுவலகங்கள் இவற்றைக் கழித்துக்கட்டி, பழைய சாமானாக ஏலம் விட்டன. வாங்கிப்போன வெளிநாட்டு வியாபாரிகள் பெரும் விலைக்கு விற்றார்கள். 2011-ல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது.

தப்பிப் பிழைத்தவற்றைப் பழுதுபார்க்கிறேன் என்று கெடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதல் குற்றவாளி உப்புத்தாள். சாய்மானத்தின் பின்புறம் எந்தத் துறை, எத்தனையாவது நாற்காலி என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி. ஐந்து நிமிடம் தேய்த்தால் போச்சு. ஈரத்துணியால் துடைத்து, லேசாக மெழுகு பூசுங்கள், அது போதும். பளபளக்கும் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, பிரம்பு தொய்ந்தவுடனே அறுத்தெறிவது. பிரம்பின் மேல்பக்கம் வழவழப்பான தோல். தண்ணீரை எளிதில் ஏற்காது. அடிப்பக்கம் உறிஞ்சும். நாற்காலியைக் கவிழ்த்து, நனைத்த துணியை அடிப்பக்கம் சிறிது நேரம் போட்டு வையுங்கள். பிறகு யாரையும் உட்காரவிடாமல் நன்றாகக் காயவிட்டால் பின்னல் பெரும்பாலும் இறுகிவிடும். இழை அறுந்திருந்தால் மட்டும் புதிதாகப் பின்னுங்கள், அதுவும் பிரம்பிலேயே. நைலான் ஒயர் நாற்காலிக்கு அதற்கென்று ஓர் அழகு உண்டு, ஆனால் அது வேறு நாற்காலி.

எல்லாவற்றையும் ஜான்னரே ஒருவர் கணக்கிலேயே எழுதுவதும் தவறு. அவருடைய குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரிக்கும் இந்த வடிவமைப்பில் பங்கு உண்டு. பல பட்டறைகளின் தச்சர்கள் கையால் செய்ததால் ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். அதைக் கோணல் என்று நினைத்துத் திருத்தாதீர்கள்.

சரி, புதிதாகச் செய்பவர்கள்? கால்கள் தடிமனாகத் தெரிகின்றன என்று மெலிதாக்கிவிடுகிறார்கள். விரிந்த அந்தக் கால்கள்தான் இருக்கை, கைப்பிடி இரண்டின் பாரத்தையும் தாங்குகின்றன. மெலிந்தால் பொருத்துகள் சீக்கிரம் ஆட்டம் காணும். மெலிதாக வேண்டுமென்றால் கட்டமைப்பையே புதிதாக யோசியுங்கள். வேறு மரம், உணவு மேசைக்கு ஏற்ற உயரம் என்று தாராளமாக மாற்றலாம். புது மரத்தில் கீறல் போட்டு, பொய்யாக ஒரு அலுவலக எண்ணை எழுதிப் பழசாக்குவது மட்டும் மோசடி. இருக்கைக்கு அடியில் உங்கள் பட்டறைப் பெயரையும் செய்த ஆண்டையும் பொறித்துக் கொடுங்கள்.