போன் மெதுவானால் என்கிரிப்ஷனில் கை வைக்காதீர்கள்

போனில் உள்ளதைச் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் என்கிரிப்ஷனை எடுத்துவிட்டால் போன் வேகமாகிவிடும் என்ற பேச்சு 2014-ல் தொடங்கியது. அப்போது அதில் உண்மை இருந்தது. ஆண்ட்ராய்டு 5.0-வுடன் வந்த கூகுளின் நெக்ஸஸ் 6 போனில் ஸ்டோரேஜ் முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் அதன் 32 பிட் சிப் மொத்தக் கணக்கையும் மென்பொருளிலேயே போட வேண்டியிருந்ததால் வேகம் நன்றாகவே அடிவாங்கியது.

இன்று நிலைமை வேறு. இப்போதைய போன் சிப்களில் ஏஇஎஸ் (AES) என்ற என்கிரிப்ஷன் முறையின் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. ஐபோனில் 2009-ன் 3ஜிஎஸ் முதலே இதற்குத் தனிச் சுற்று உண்டு. அந்த வசதி இல்லாத மலிவான சிப்களுக்காக 2019-ல் கூகுள் அடியாண்டம் என்ற முறையைக் கொண்டுவந்தது. அன்றாடப் பயன்பாட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

போன் திணறினால் முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள். ஃபிளாஷ் மெமரியில் பழையதை அழித்த பிறகே அதே இடத்தில் புதியதை எழுத முடியும். 64 ஜிபியில் ஒன்றிரண்டு ஜிபிதான் மிச்சம் என்றால் இந்த அழிப்பு வேலையே போனை இழுத்துப் பிடிக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் 5 எம்பிக்கு மேற்பட்ட வீடியோக்களை நீக்கினாலே பல போன்கள் தேறிவிடும்.

அதை விட்டுவிட்டு என்கிரிப்ஷனை நீக்க, போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறந்தால், போனில் உள்ள அத்தனையும் அழியும். பிறகு பல வங்கிச் செயலிகள் அந்தப் போனில் ஓடாது.

இதைவிடப் பெரிய தவறு, ஸ்கிரீன் லாக்கே போடாமல் விடுவது. என்கிரிப்ஷன் இருந்தும் பயனில்லை. போனை எடுத்தவர் நேராக உள்ளே போய்விடுவார். குறைந்தது 6 இலக்க பின் வையுங்கள். போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் முதல் தடவை கைரேகை செல்லாமல் பின் கேட்கிறதே, அது தொந்தரவு அல்ல. உங்கள் படங்களையும் மெசேஜ்களையும் திறக்கும் சாவி அந்தப் பின் இல்லாமல் வெளியே வராது. பின் மறந்தால் சர்வீஸ் சென்டராலும் மீட்க முடியாது என்பதால் பேக்கப் கட்டாயம்.

மெமரி கார்டை என்கிரிப்ட் செய்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கார்டின் சாவி போனுக்குள்தான் இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்வதற்கு முன், அதே போனில் கார்டை டீகிரிப்ட் செய்துவிடுங்கள். ரீசெட் ஆனபின் அந்தக் கார்டை எந்தப் போனிலும் படிக்க முடியாது.