முதல் தனிநபர் புகைப்படக் கண்காட்சி: டேப்பை எடுங்கள், சுவரை அளந்து பாருங்கள்

கண்காட்சி வைக்க ஆசைப்படுகிறவர் முதலில் திறப்பது ஹார்டு டிஸ்க்கைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மரக்காணம் உப்பளத்தில் எடுத்த படங்களைப் புரட்டியதிலேயே இரண்டு மாதம் போனது, ஒன்றும் முடிவாகவில்லை. இப்போது யார் கேட்டாலும், முதலில் சுவரை அளந்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

1. இடம்

சென்னை என்றால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, முட்டுக்காடு தக்ஷிணசித்ரா போன்ற இடங்களில் வேறு யாருடைய கண்காட்சியாவது நடக்கும்போது போய்ப் பாருங்கள். காலி ஹாலைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஆணி அடிக்கலாமா, கம்பியில்தான் தொங்கவிட வேண்டுமா, விளக்குகளைத் திருப்ப முடியுமா, மாட்டுவதற்கு முந்தின நாளே சாவி கிடைக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மாதம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

2. எத்தனை படம்?

24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 × 4000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் 20 × 13 அங்குலம் வரும். நாலு பக்கமும் 3 அங்குலம் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை), 1 அங்குலம் பிரேம் சேர்த்தால் 28 × 21. இரண்டு பிரேமுக்கு நடுவே 20 அங்குலம் விட்டால் ஒரு படத்துக்கு 4 அடி சுவர் வேண்டும். ஆக, 60 அடிச் சுவருக்குப் பதினைந்து படம். அதற்கு மேல் திணித்தால் துணிக்கடை ஷோகேஸ் மாதிரி ஆகிவிடும்.

3. பதினைந்தைப் பிடிப்பது

தேறும் என்று தோன்றுகிற ஐம்பது அறுபது படங்களை 4 × 6 அங்குல அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டு வீட்டு ஹாலில் தரையில் பரப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்! ஒரே விஷயத்தைச் சொல்கிற இரண்டு படங்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். மனசு வராதுதான். காலில் உப்பு அரிக்க விடியற்காலையில் நின்று எடுத்தேன் என்பது நமக்குத் தெரியும், பார்க்க வருகிறவருக்குத் தெரியாதே. கேமரா பிடிக்காத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா, நான் பெருமைப்பட்ட படத்தைத் தாண்டிப் போய், ஓரத்தில் கிடந்த கூடையின் படத்தில் நின்றார். அதுதான் கடைசியில் வாசலுக்கு எதிரே மாட்டிய படம்.

4. பிரிண்ட், பிரேம்

பருத்தி இழையில் செய்த மேட் (பளபளப்பில்லாத) தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில், பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்த மை). இதைக் கேட்டு வாங்குங்கள். திரையில் ஒளிர்கிற படம் தாளில் இருண்டுதான் வரும். அதனால் முதலில் சின்னதாக ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து, கேலரியில் உள்ளது போன்ற விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள்.

பிரேமில்தான் நான் அடிபட்டேன். செலவைக் குறைக்க மவுண்ட் போர்டு வேண்டாம் என்றேன்; பிரேம் போட்டவரும் ஒன்றும் சொல்லவில்லை. மழை ஈரத்தில் மூன்று பிரிண்டுகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது மை கண்ணாடியோடு வந்துவிட்டது. மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுகிறது. அமிலமில்லாத போர்டாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நாளடைவில் ஓரம் மஞ்சளாகும்.

5. மாட்டுவது

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்கட்டும். பிரேம் உயரம் 21, அதில் பாதி பத்தரை. பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு இரண்டரை அங்குலம் கீழே நிற்கிறது என்று வையுங்கள். 57 + 10½ − 2½ = 65. அந்த உயரத்தில் ஆணி. ரசமட்டம் கையில் இருக்கட்டும். விளக்கை நேராக அடித்தால் கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்புதான் தெரியும். மேலிருந்து சாய்வாக விழ வேண்டும்.

6. மிச்சம்

தலைப்பு, ஆண்டு, தாள், விலை எல்லாம் சின்னச் சீட்டில். விற்பதாக இருந்தால் ஒரு படத்துக்கு ஐந்து பிரதிதான் என்று முன்பே முடிவு செய்து, ஒவ்வொரு பிரதியிலும் 1/5, 2/5 என்று வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆறாவது பிரதி கேட்டு யார் வந்தாலும் கிடையாது. முகம் தெரிகிறவர்களிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் திறப்பு நாளுக்கு அழையுங்கள்.

அப்புறம், வண்டி. கொண்டுபோவதற்கு எல்லோரும் ஏற்பாடு செய்கிறோம். கடைசி நாள் மாலை கேலரியைப் பூட்டும் நேரத்தில் பதினைந்து பிரேமோடு தெருவில் நிற்காமல் இருக்க, திரும்பி வரவும் முதலில் வண்டி பேசும்போதே சொல்லி வையுங்கள். குமிழி உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே உறைதான் திரும்பவும் வேண்டும்.