ரிசல்ட் வர்ற அன்னிக்கு பிள்ளை பக்கத்துல எப்படி இருக்கணும்

மே மாசம் வந்தாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும், ஏன்னா எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ மேத்ஸ்ல ஃபெயில் ஆகி ரெண்டு நாள் சோத்தையே தொடாம கிடந்தா. அப்போ நாங்க பண்ண தப்பு, அப்புறம் சரியா பண்ணது, ரெண்டையும் வெச்சுத்தான் சொல்றேன்.

ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு சாயங்காலம் உக்காந்து பேசிடுங்க. 35 வரலைன்னா என்னன்னு தெரியாததாலதான் பிள்ளைக்கு அவ்ளோ பயம். விடைத்தாள் நகல் வாங்கிப் பாக்கலாம், மறுகூட்டல் போடலாம், நகல் வாங்கினா மறுமதிப்பீடும் கேக்கலாம், இல்லன்னா சீக்கிரமே துணைத்தேர்வு வருது, அதுல பாஸ் பண்ணி அதே வருஷம் காலேஜ் சேந்தவங்க நிறைய பேரு. இதையெல்லாம் ரிசல்ட் அன்னிக்கு சொன்னா காதுல ஏறாது.

அன்னிக்கு பிள்ளையை தனியா ரூம்ல ஃபோனோட விடாதீங்க. மார்க் கொறைஞ்சிருந்தா "இதுக்கெல்லாமா அழுவாங்க, விடு"ன்னு சொல்லாதீங்க. நாங்க அதைத்தான் சொன்னோம், அவ அழுகையை முழுங்கிட்டு கதவை சாத்திக்கிட்டா. எங்கம்மாதான் உள்ள போய் "கஷ்டமா இருக்குல்ல கண்ணு"ன்னு ஒரே வார்த்தை கேட்டுட்டு, அவ தலைக்கு எண்ணெய் வெச்சுவிட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாங்க, அரை மணி நேரம் கழிச்சு அவளே பேச ஆரம்பிச்சா.

இப்படி ஒருத்தர் கூட இருக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு ஒரு ஆய்வும் சொல்லுது. ஹவாய்ல காவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பொறந்த கிட்டத்தட்ட 700 பிள்ளைங்களை எமி வெர்னர்ங்கிற உளவியலாளர் பல வருஷம் கவனிச்சாங்க. ரொம்ப கஷ்டமான சூழல்ல வளந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் நல்லா தேறி வந்தாங்க, அவங்களுக்கு கைவிடாத ஒரு பெரியவங்களாவது இருந்தாங்க, அது பெத்தவங்களாதான் இருக்கணும்னு இல்ல, பாட்டியாவும் இருக்கலாம், டீச்சராவும் இருக்கலாம்.

சொந்தக்காரங்க ஃபோனை நீங்களே எடுங்க. "அடுத்து என்னன்னு பாத்துக்கிறோம்"னு சொல்லி வெச்சிடுங்க போதும்.

ரெண்டு மூணு நாள் போனதும் வேலையை பிள்ளை கைல குடுங்க. துணைத்தேர்வுக்கு அப்ளை பண்றது, எந்த பாடத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு முடிவு பண்றது எல்லாம் அவங்களே பண்ணட்டும், நீங்க கூட போங்க அவ்ளோதான். எங்க அக்கா பொண்ணு ஸ்கூலுக்கு தானே போய் அப்ளை பண்ணிட்டு வந்த அன்னிக்குத்தான் வயிறார சாப்பிட்டா.

தூக்கமே இல்லாம இருந்தாலோ, "நான் இல்லாம போனா நல்லாருக்கும்"ங்கிற மாதிரி பேசினாலோ, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துடாது. தனியா விடாம உடனே 14416க்கு அடிங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104ம் இருக்கு. ரெண்டு நம்பரையும் இன்னிக்கே பிள்ளையோட ஃபோன்லயும் போட்டு வைங்க, உங்ககிட்ட சொல்ல முடியாததை அங்க சொல்லலாம்ல.