மாணவர்களிடம் சிகரெட் பெட்டி எச்சரிக்கைப் படத்தைச் சோதிப்பது எப்படி?
இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் இருபுறமும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கு. அது மனதில் பதிகிறதா என்பதை, எந்தப் படத்தையும் காட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். காட்டிய பிறகு கேட்டால் பழைய நினைவும் புதியதும் கலந்துவிடும்.

பெற்றோர் ஒப்புதல், மாணவர் சம்மதம் இரண்டும் தேவை. விடைத்தாளில் பெயர், வரிசை எண் கூடாது. ஆசிரியர் வகுப்பில் நின்றால் "புகைத்ததே இல்லை" என்ற பதில்தான் குவியும். அவர் வெளியே இருக்கட்டும். தாளை மாணவரே உறையிலிட்டு ஒட்டட்டும்.

படமுள்ள பெட்டி, எழுத்து மட்டுமுள்ள பெட்டி என இருவகைத் தாள்களையும் முன்கூட்டியே நன்றாகக் கலைத்து அடுக்கி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். "பயமாக இருந்ததா?" என்பது மட்டும் போதாது, "நண்பர் நீட்டினால் வாங்குவீர்களா?" என்றும் கேளுங்கள்.

பெட்டியாகவா, சில்லறையாகவா வாங்குகிறார்கள் என்ற கேள்வி கட்டாயம். ஒற்றை சிகரெட் வாங்குபவர் கண்ணில் எச்சரிக்கை படுவதே அரிது. அவரையும் சேர்த்துக் கணக்கிட்டால் படத்தின் விளைவு குறைவாகத் தெரியும்.